காத்துக்காரன்

ஜேர்மனிச் சித்தியின் மகளுடைய சாமத்தியவீட்டு (பூப்பு நீராட்டு விழா) வீடியோக் கொப்பியை வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையே கூடியிருந்து பார்த்தது. 2002ஆம் ஆண்டு. சமாதான ஒப்பந்தம் வந்து, ஏ9 பாதை திறந்து, வருடக்கணக்காகக் காணாத ஆக்களெல்லாம் ஓமந்தையில் வரிசையில் நின்று வந்துகொண்டிருந்த காலம். சித்தி கொண்டுவந்த பெட்டிக்குள் சொக்லேற், சென்ற் போத்தல், அம்மம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை (வன்னி வெயிலுக்கு!), அதோடு இந்த வீடியோக் கொப்பி. எங்கள் பக்கம் அப்போது கரண்ட் கிடையாது. ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்தாயிற்று.

மூன்று மணித்தியாலம் ஓடியது. ஆராத்தி எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், உடுப்பு மாற்றினார்கள், பிறகும் ஆராத்தி எடுத்தார்கள். பாதி ஒழுங்கை பாயிலேயே நித்திரை. கடைசியில் ‘நன்றி, வணக்கம்’ வந்து, திரையில் கொஞ்ச நேரம் புழுதி பறந்தது. யாரோ டெக்கை நிறுத்த எழுந்தார்கள். அந்த நேரத்தில்தான் அவர் வந்தார்.

கறுப்பு வெள்ளை. பேய்க்காற்று. ஓர் ஆஸ்பத்திரியின் கூரையும் சுவரும் அப்படியே காற்றோடு கிளம்பிப் போக, உள்ளே கட்டிலில் ஒரு மெலிந்த மனிதர் தனியாக மிச்சம். கட்டில் உருண்டு தெருவில் ஓடுகிறது. அவர் எழுந்து காற்றுக்கு எதிராக நடக்கப் பார்க்கிறார், உடம்பு சாய்ந்து நிற்கிறது, கால் முன்னுக்குப் போகுதில்லை. பிறகு ஒரு மாடிவீட்டுக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தடவியபடி நிற்கிறார். அந்த வீட்டின் முன்சுவர் முழுதாக, ஒரே பலகை மாதிரி, அவர் மேல் சாய்கிறது.

“ஐயோ, ஓடு மோனை!” என்று அம்மம்மா கத்தியது இப்போதும் காதில் கேட்கிறது.

சுவர் விழுந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மேல்மாடி யன்னல் திறந்திருந்தது, அந்த ஓட்டைக்குள் சரியாக அவர். பாயில் இருந்த ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சுவர் விழுவதைப் பார்த்துச் சிரிக்கிற ஊர் இல்லை எங்களுடையது. கொஞ்சம் கழித்துத்தான், அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிய ஓட்டத்தில், அப்பப்பா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

சித்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. சித்தப்பா ஏதோ ரிவியில் பதிந்து வைத்திருந்த கொப்பிக்கு மேலேயே சாமத்தியவீட்டை எடுத்துவிட்டாராம். “உதை விடுங்கோ, நிப்பாட்டுங்கோ” என்றார். நிறுத்தவில்லை. கொப்பி முடியும்வரை, ஒரு பத்து நிமிடம் இருக்கும், பார்த்தோம். அதன் பிறகு யார் வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்தாலும் நாங்கள் அந்தக் கொப்பியைக் கொண்டு ஓடுவோம். சாமத்தியவீட்டை முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காத்துக்காரன்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரிய ஒன்பது வருடம் எடுத்தது. 2011இல் கிளிநொச்சியில் ஒரு நெற் கபேயில் இருந்து, எனக்குத் தெரிந்த இங்கிலிசில் ‘வீடு விழுது, மனிசன் யன்னலால் தப்புறான்’ என்கிற மாதிரித் தட்டினேன். முதல் படமே அவர்தான். பஸ்டர் கீட்டன். படத்தின் பெயர் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’, 1928.

இப்போது எனக்குக் கலியாணவீட்டு வீடியோதான் தொழில். நாளில் நூறு தடவை “கொஞ்சம் சிரியுங்கோ” என்று சொல்கிறவன் நான். அப்படிப்பட்டவன் வாழ்நாள் முழுக்கச் சிரிக்காமல் நடித்த ஒருவருக்குப் பின்னால் ஏன் இத்தனை வருடம் அலைகிறேன் என்று மனிசி கேட்பதுண்டு. அவளுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கீட்டன் பிறந்தது 1895 ஒக்டோபர் 4ஆம் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்ற சின்னஞ்சிறு ஊரில். அங்கே பிறந்ததற்குக் காரணம், தாய்க்கு வலி வந்தபோது கோஷ்டி அங்கே நின்றதுதான். தகப்பன் ஜோ, தாய் மைரா, இருவரும் ஊர் ஊராய்ப் போய் ஆட்டம் காட்டி மருந்து விற்கிற கோஷ்டியோடு திரிந்தவர்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் வித்தை, பாட்டு, பகிடி. கூட்டம் சேர்ந்ததும் சர்வரோகத்துக்கும் எண்ணெய். அதே வியாபாரம்தான்.

‘பஸ்டர்’ என்றால் நாடகக்காரரின் பேச்சில் பலமான விழுகை. சின்ன வயதில் படியால் உருண்டு விழுந்தும் அழாமல் எழுந்ததைப் பார்த்து மாயவித்தைக்காரர் ஹூடினிதான் அந்தப் பெயரை வைத்தார் என்று கீட்டன் சொல்லித் திரிந்தார். குழந்தையாக இருந்தபோது ஒரு சூறாவளி தன்னை மாடி யன்னலால் தூக்கித் தெருவில் இறக்கிவிட்டது என்றும் சொன்னார். கதை கட்டுவதில் கெட்டித்தனமான குடும்பம்; இரண்டையும் நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் எங்கள் காத்துக்காரனைக் காற்றுத் தூக்கிப் போயிருக்கவேண்டும் என்று ஒரு மூலையில் ஆசையும் இருக்கிறது.

நம்பவேண்டியது மேடையில் நடந்ததை. ‘மூன்று கீட்டன்கள்’ என்பது அவர்களுடைய ஆட்டத்தின் பெயர். பிள்ளை தகப்பனுக்குச் சொல்வழி கேளாது. தகப்பன் பிள்ளையைத் தூக்கி எறிவார். திரைச்சீலை மேல் எறிவார், கீழே வாத்தியக்காரர் இருக்கிற பள்ளத்துக்குள் எறிவார். எறிவதற்கு வசதியாகப் பிள்ளையின் சட்டை முதுகில் ஒரு சூட்கேஸ் பிடி தைத்திருந்தது. அந்தப் பிடியை நினைத்து நான் பல இரவு படுத்திருக்கிறேன்.

நியூயோர்க்கில் சிறுவர் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அவர்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. அதிகாரிகள் பையனின் உடுப்பைக் கழற்றிக் காயம் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. விழத் தெரிந்தால் அடிபடாது என்பது கீட்டன் கடைசிவரை சொன்ன விளக்கம். தகப்பன் தன்னைத் துன்புறுத்தினார் என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு அதில் மனச்சமாதானம் இல்லை. ‘எனக்கு நோகேல்லை’ என்று சொல்கிற பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் அவருடைய சீவியத்தை அவரைவிட எனக்குக் கூடத் தெரியும் என்று நிற்கவும் மனம் வரவில்லை.

அந்த மேடையில்தான் முகம் உருவானது. எறியப்பட்டு எழும்பும்போது தான் சிரித்தால் சனம் குறைவாகச் சிரிக்கிறது. தான் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து பார்த்தால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. இதை அவர் ஐந்தாறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். பிறகு அது பழக்கமாகி, கேட்டாலும் சிரிக்க முடியாத நிலை.

1917இல் தகப்பனுடைய குடி எல்லை மீற, ஆட்டம் குலைந்தது. விழுத்தாட்டு ஆட்டத்தில் துணையாள் வெறியில் நின்றால் உயிர் போகும். கீட்டன் தனியாக நியூயோர்க்குக்கு வந்தார். மேடையில் கிழமைக்கு 250 டொலர் தருகிற ஒப்பந்தம் கையில் இருந்தது. அந்த நேரம் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற பருத்த நகைச்சுவை நடிகர் தன் ஸ்டூடியோவுக்கு வரச் சொல்ல, சும்மா பார்க்கப் போனார். போன இடத்தில் கமெராவைக் கண்டார். அன்றிரவு அதை இரவல் வாங்கிக்கொண்டு போய் அறையில் வைத்துத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டியதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதையை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன். என்னுடைய முதல் கமெராவை நானும் அப்படித்தான் கழற்றினேன். திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணி மிஞ்சியது. கீட்டன் 250 டொலரை விட்டுவிட்டு 40 டொலருக்குப் படத்தில் சேர்ந்தார்.

இடையில் முதலாம் உலகப்போர். 1918இல் படையில் பிரான்சுக்குப் போனார். அங்கே காதில் கிருமி பிடித்து, கேட்கும் சக்தி பாதி போனதுதான் மிச்சம். பேசாப்பட நடிகருக்கு ஏற்ற காது என்று பகிடியாகச் சொல்லலாம். காது போனவர்கள் நிறைந்த ஊரில் இருந்து எழுதுகிறேன், அதனால் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

திரும்பி வந்து, 1920 தொடக்கம் சொந்தமாகக் குறும்படங்கள். ‘ஒரு வாரம்’ என்று பொருள்படும் ‘வன் வீக்’ முதலில் வெளிவந்தது. புதுத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு பரிசாக வருகிறது, இலக்கப்படி பூட்டிக்கொள்ளவேண்டும். பொறாமைக்காரன் ஒருவன் இலக்கங்களை மாற்றிவிடுகிறான். கோணல்மாணலாக ஒரு வீடு எழுகிறது, காற்றில் பம்பரமாகச் சுற்றுகிறது. கடைசியில் அதைத் தண்டவாளத்தைத் தாண்டி இழுக்கும்போது நடுவில் இறுகிவிடுகிறது. ரெயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடுகிறார்கள். ரெயில் பக்கத்துப் பாதையால் போய்விடுகிறது. ‘அப்பாடா’ என்று மூச்சு விட்ட கணத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து வீட்டைத் தூள் தூளாக்குகிறது. கீட்டன் இடிபாட்டின் மேல் ‘விற்பனைக்கு’ என்று ஒரு மட்டையைக் குத்தி, வீடு பூட்டும் விளக்கத் தாளையும் அதில் செருகிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

இதை என் மேசன் கூட்டாளிக்கு ஃபோனில் காட்டினேன். மீள்குடியேறிய பிறகு எங்கள் பகுதியில் பாதி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவன். முதல் ரெயில் போனதும், “பொறு, மற்றது வரும்” என்றான். அவனுக்கு அந்தப் படம் புதிது. ஆனால் இரண்டாவது ரெயிலை அவன் எதிர்பார்த்தான்.

சரி, அந்த விழுகிற சுவருக்கு வருகிறேன். தொழில்காரனாக எனக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அந்தச் சுவரின் பாரம் ஏறத்தாழ 2 தொன். யன்னல் ஓட்டைக்கும் அவருடைய தலைக்கும் தோளுக்கும் நடுவில் சில அங்குல இடைவெளிதான். அவர் நிற்கவேண்டிய இடத்தில் நிலத்தில் ஆணி அடித்துக் குறித்திருந்தார்கள். காற்றுக்கு விமான எஞ்சின் பூட்டிய பெரிய விசிறிகள். சுவர் கொஞ்சம் முறுகினால், காற்று ஒரு பக்கம் தள்ளினால், கதை முடிந்தது. படப்பிடிப்பில் நின்ற சிலர் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரே தடவை, ஒரே ஷொட். இன்னொன்றும் படித்தேன். அதற்கு முதல்நாள்தான் அவருடைய ஸ்டூடியோவை மூடப்போகிறோம் என்ற செய்தி வந்ததாம். அன்றைக்கு அவருக்கு உயிர்மேல் பெரிய பிடிப்பு இருக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் உயிர் வெறுத்தவன் ஆணி அடித்து அளந்து நிற்பானா?

கவனிக்கவேண்டியது, அவர் அதை எங்கே இருந்து எடுத்தார் என்பது. தூரத்தில் இருந்து, முழு ஆளும் முழு வீடும் தெரிய. கிட்டக் காட்டவில்லை, வெட்டி ஒட்டவில்லை. வெட்டி ஒட்டினால் சனம் நம்பாது என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் இன்றைக்கு மாப்பிள்ளை காரால் இறங்குவதை ட்ரோனில் ஒன்று, கிட்ட ஒன்று, ஸ்லோ மோஷனில் ஒன்று என்று ஏழாக வெட்டுகிறோம். இறங்கியது ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் படத்தில் முதலில் வரவேண்டியது சூறாவளி இல்லை, வெள்ளம். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருகி நிறையச் சனம் அழிந்ததால், வெள்ளத்தைப் பகிடியாக்கக்கூடாது என்று காற்றாக மாற்றினார்கள்.

விழுந்த தண்ணீர்த் தாங்கி ஒன்றும் இந்தக் கதையில் இருக்கிறது. கிளிநொச்சியில் போர் முடிவில் சரிந்து கிடந்த தாங்கியைத் தெரியாத ஆள் இல்லை. பாதை திறந்த பிறகு பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். கீட்டனுடைய தாங்கி விழவில்லை, அவர்தான் விழுந்தார். 1924இல் வந்த ‘ஷெர்லொக் ஜூனியர்’ படத்தில், ஓடுகிற சரக்கு ரெயிலின் கூரைகளின் மேல் ஓடிவந்து, எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்புகிற தாங்கியின் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் எதிர்பார்த்ததைவிடப் பலமாகக் கொட்டி, அவரைத் தண்டவாளத்தில் அடித்துவிட்டது. பிடரி தண்டவாளத்தில் பட்டது. எழுந்து ஓடினார், ஷொட் முடிந்தது. கொஞ்சக் காலம் தலையிடி. பத்து வருடம் போல் கழித்து ஒரு டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எப்போது கழுத்தை முறித்தீர் என்று கேட்டபோதுதான் அவருக்கே தெரியும். அந்த ஷொட் படத்தில் அப்படியே இருக்கிறது. முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழுத்தெலும்பு முறிந்த மனிதர் எழுந்து, அடுத்த காரியத்துக்குப் போகிறார்.

அப்பப்பா ரெயில்வேக்காரர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய வருடமே தானும் சேர்ந்ததாகப் பெருமையாகச் சொல்வார். மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று தண்டவாளம் பார்க்கிற வேலை. சுத்தியலோடு லைன் நீளம் நடந்து, தட்டித் தட்டி, கழன்றதை இறுக்குகிற வேலை. 1990இல் ரெயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி பங்கர்களுக்குப் போயின. விசுவமடுவில் எங்களுடைய பங்கருக்கு மேலேயும் நான்கு சிலிப்பர் கட்டை கிடந்தது. ஷெல் அடிக்கிற நேரம் அப்பப்பா அண்ணாந்து பார்த்து, ஆணித் துளையைத் தடவி, “இது மாங்குளத்துப் பக்கத்துக் கட்டை” என்பார். எப்படித் தெரியும் என்று கேட்க ஒருவருக்கும் அப்போது மனம் இருக்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப ரெயில் வந்தது. அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். புதுத் தண்டவாளம், கொங்கிரீட் சிலிப்பர். குனிந்து தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ‘தி ஜெனரல்’ போட்டுக் காட்டவேண்டும் என்று தோன்றியது. லப்ரொப்பைக் கதிரையில் வைத்து, நானும் அவரும் விறாந்தையில்.

கதை இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர். கீட்டன் ஓர் எஞ்சின் டிரைவர். அவருக்கு இரண்டு காதல், ஒன்று எஞ்சின், மற்றது ஒரு பெண். எதிரிகள் எஞ்சினைக் களவெடுத்துக்கொண்டு ஓட, அவர் தனியாக இன்னோர் எஞ்சினில் துரத்துகிறார். 1862இல் உண்மையில் நடந்த ஒரு ரெயில் களவுதான் மூலம். படத்தில் கீட்டன் நிற்பது தெற்குப் பக்கம், அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை பிடித்த பக்கம். படம் அதைப்பற்றி மூச்சு விடுவதில்லை. தோற்ற பக்கத்தை வில்லனாகக் காட்டினால் சனம் ஏற்காது என்று கீட்டன் விளக்கம் சொல்லியிருக்கிறார். தோற்றவர்கள் என்ற சொல் எங்களுக்குள் வேறு எதையோ தட்டும். ஆனால் அந்தத் தோல்வியும் வேறு, இந்தத் தோல்வியும் வேறு. அதை மறந்துவிட்டு நான் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை.

அப்பப்பாவுக்கு அரசியலெல்லாம் இல்லை. “கோச்சியைக் காட்டு” என்றார்.

ஓர் இடத்தில், காதலி கோபித்துக்கொண்டு போன துக்கத்தில் கீட்டன் எஞ்சினின் சில்லுகளை இணைக்கிற இரும்புத் தண்டில் போய்க் குந்துவார். எஞ்சின் மெல்ல நகரும். தண்டு மேலே போகும், கீழே வரும், அவரும் குந்தியபடியே மேலே போய்க் கீழே வருவார், யோசனையில் இருந்து கலையாமல். உலகத்திலேயே அழகான துக்கம் அது என்பது என் அபிப்பிராயம். அப்பப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“உது பொம்மையோ, ஆளோ?”

“ஆள்தான் அப்பப்பா. அவரேதான்.”

“விசரன். டிரைவர் கொஞ்சம் கூட ஸ்டீம் குடுத்தானெண்டால் சில்லு இருந்த இடத்திலையே சுத்தும். சுத்தினால் உவன்ரை கதை முடிஞ்சுது.”

பிறகு ஒருநாள் வாசித்தபோது, அந்த எஞ்சினை ஓட்டியவரும் கீட்டனுக்கு இதே எச்சரிக்கையைக் கொடுத்திருந்தது தெரிந்தது. மறுபக்க உலகத்தில் இருந்த எஞ்சின் டிரைவரும் எங்கள் விறாந்தையில் இருந்தவரும் ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னோர் இடம். தப்பி ஓடுகிறவர்கள் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டைகளைப் போட்டுவிடுகிறார்கள். கீட்டன் எஞ்சினின் முன் கிராதிக்கு இறங்கி, முதல் கட்டையைத் தூக்குகிறார். தூக்கிய வேகத்தில் எஞ்சின் வந்து அவரை ஏந்திக்கொள்கிறது. கட்டையை மடியில் வைத்தபடி சாய்ந்து கிடக்கிறார். முன்னால் இரண்டாவது கட்டை, ஒரு நுனி வெளியே நீட்டியபடி. மடியில் இருந்ததை எறிகிறார். அது மற்றதன் நுனியில் விழ, இரண்டும் துள்ளி வெளியே போகின்றன. எஞ்சின் நிற்காமல் போகிறது.

அப்பப்பா அதைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரம். மூன்றாம் தரம் முடிய, கையை நீட்டி, எந்த நுனியில் பட்டால் கட்டை எந்தப் பக்கம் கிளம்பும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் அவ்வளவு கதைத்து நான் பல வருடம் கேட்டதில்லை.

எரிகிற மரப்பாலத்தில் எதிரியின் எஞ்சின் ஏற, பாலம் முறிந்து ஆற்றுக்குள் விழுகிற காட்சிக்கு அவர் சிரிக்கவில்லை. அது உண்மைப் பாலம், உண்மை எஞ்சின். 1926 ஜூலை 23ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்தில் கொட்டேஜ் குரோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஊர்ச்சனம் ஆயிரக்கணக்கில் கூடி நிற்க எடுத்தது. அந்த ஒரு காட்சிக்கு மட்டும் 42,000 டொலர் போனதாகக் கணக்கு. இரண்டாம் தரம் எடுக்க வழியில்லை. எஞ்சின் ஆற்றுக்குள்ளேயே கிடந்தது. வருடக்கணக்காகச் சனம் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

“பழைய இரும்புக்குத்தான் கடைசியிலை” என்றார் அப்பப்பா. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையாலும் பழைய இரும்பு வாங்குகிறவனுடைய ஸ்பீக்கர் காலை மாலை கத்திக்கொண்டுதான் போகும்.

இன்றைக்கு உலகத்தின் மிகச்சிறந்த படங்களின் பட்டியல்களில் வருகிற ‘தி ஜெனரல்’, வந்த காலத்தில் விழுந்த படம். சுமார் 750,000 டொலர் செலவு. அமெரிக்காவில் வசூல் அதைத் தொடவில்லை. விமர்சகர்கள் சலிப்பு என்றார்கள். அதன் பிறகு கீட்டனின் கையில் காசை நம்பிக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. 1928இல் தன் சொந்த ஸ்டூடியோவை இழந்து எம்ஜிஎம் என்ற பெரிய கொம்பனிக்குள் போனார். அவரைப் போலவே பேசாப்பட நகைச்சுவை நடிகர்களான சப்ளினும் ஹரோல்ட் லொய்டும் போகாதே என்றார்கள். போனார். தன் வாழ்நாளின் மிகப்பெரிய பிழை அதுதான் என்று பிறகு சொன்னார்.

பேசும் படம் வந்துதான் கீட்டனைக் கெடுத்தது என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவருடைய குரல் நல்ல குரல், கொஞ்சம் கரகரப்பு. கெடுத்தது, எழுதித் தந்ததைத்தான் நடிக்கவேண்டும் என்ற ஏற்பாடு. ஆணி எங்கே அடிப்பது என்பதை வேறு யாரோ முடிவுசெய்யத் தொடங்கினார்கள். பிறகு குடி. தகப்பன் குடித்த அதே குடி. 1932இல் மனைவி நத்தலி டால்மட்ஜ் பிரிந்தார். இரண்டு ஆண்பிள்ளைகளின் பெயரில் இருந்த கீட்டன் என்ற பெயரும் போயிற்று. 1933இல் வேலை போயிற்று. கிழமைக்கு 3,000 டொலர் வாங்கியவர், சில வருடம் கழித்து அதே கொம்பனியில் 100 டொலருக்கு மற்றவர்களுடைய படங்களுக்குப் பகிடி யோசித்துக் கொடுக்கிற ஆளாகத் திரும்பி வந்தார். இந்தப் பகுதியைச் சிலர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் விரும்பவில்லை.

1940இல் எலனோர் நொறிஸ் என்ற நடனக்காரியைக் கலியாணம் செய்தார். அவளுக்கு 21, அவருக்கு 44. நிலைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள்; அவர் சாகும்வரை நிலைத்தது.

அவருடைய பல படங்கள் கிடைத்த விதம் ஒரு தனிக்கதை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட். தீப்பற்றும், பற்றாவிட்டால் பொடிந்து போகும். கீட்டன் ஒருகாலத்தில் கட்டி, விவாகரத்தில் இழந்த மாளிகையைப் பிறகு ஜேம்ஸ் மேசன் என்ற நடிகர் வாங்கினார். அங்கே பூட்டிக் கிடந்த அறையொன்றில் சுருள்கள் இருந்தன. 1950களில் அவை வெளியே வந்தன. ரேமண்ட் ரோஹாவர் என்பவர் கீட்டனோடு சேர்ந்து பழைய படங்களைத் தேடிச் சேர்த்து, திரும்ப ஓட்ட வழி செய்தார்.

எங்கள் கொப்பிக்கு அந்த யோகம் இல்லை. 2008 கடைசியில் வட்டக்கச்சியை விட்டு எழும்பும்போது, அம்மா படங்களையும் சான்றிதழ்களையும் அந்தக் கொப்பியையும் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு, பொலித்தீன் சுற்றி, மாமரத்தடியில் தாட்டார். செட்டிகுளம் முகாமில் இருந்து விட்டு வந்து கிண்டியபோது தகரம் இருந்தது. சான்றிதழ்களைக் காய வைத்து எடுக்க முடிந்தது. படங்களில் முகங்கள் கரைந்து போயிருந்தன. கொப்பிக்குள் கறையான். சித்தியின் மகளுக்கு இன்னும் ஒரு பிரதி ஜேர்மனியில் இருக்கிறது, சீடியில் ஏற்றி அனுப்பினாள். ஆனால் சீடியில் ஏற்றியவர் ‘நன்றி, வணக்கம்’ உடன் நிறுத்திவிட்டார்.

1960இல் கீட்டனுக்குக் கௌரவ ஒஸ்கார் கொடுத்தார்கள். 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் திகைத்து நின்றார். 1966 பெப்ரவரி 1ஆம் திகதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். 70 வயது. சாவதற்குச் சில மாதம் முன்புவரை படத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

‘தி ஜெனரல்’ பார்த்து முடித்த அன்று அப்பப்பா கேட்டார்: “உவன் ஒருக்காலும் சிரிக்கேல்லையோ?”

சிரித்திருக்கிறார். 1917இல், ஆர்பக்கிளோடு நடித்த ஆரம்பக் காலத்தில், ‘கோனி ஐலண்ட்’ என்ற குறும்படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார், அழவும் செய்கிறார். எனக்கு ஒரே சந்தோசம், காட்டுவதற்கு அவரிடமே ஒரு புதையல் இருக்கிறது என்று. தேடி எடுத்துப் போட்டேன். பல் தெரியச் சிரிக்கிற கீட்டன், இருபத்தொரு வயது.

அப்பப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“உது வேறை ஆரோ” என்றார். “நீ அந்தக் கட்டை எறியிற இடத்தைப் போடு.”